உப்புக்காற்றில் இரண்டு புகைக்குழாய்கள்: தீவகத்துக் காருக்கு இரும்பா, ஸ்டெயின்லெஸ்ஸா?

யாழ்ப்பாணத்துத் தீவகத்தில் ஓடும் காரை முதலில் தின்பது உப்பு. காரிலும் அது முதலில் கைவைப்பது அடிப்பாகத்தில், அடிப்பாகத்திலும் புகைக்குழாயில். கதவுக்கும் பொனற்றுக்கும் வர்ணப்பூச்சு இருக்கிறது, இயந்திரத்தைச் சுற்றி எண்ணெய்ப் பசை இருக்கிறது. சைலன்சருக்கு மட்டும் ஒரு போர்வையும் கிடையாது. உள்ளிருந்து நெருப்பையும் ஈரத்தையும், வெளியிலிருந்து கடற்காற்றையும் றோட்டுத் தண்ணீரையும் அது ஒருசேரத் தாங்குகிறது. வேலணையிலோ ஊர்காவற்றுறையிலோ புங்குடுதீவிலோ கார் வைத்திருப்பவர் எவரும் அந்த உறுமலை ஒரு நாள் கேட்டிருப்பார். நேற்றுவரை அமைதியாக ஓடிய கார் இன்று காலை உழவு இயந்திரத்தின் சத்தத்தோடு கிளம்பும். குனிந்து பார்த்தால் கறள் தின்ற ஓட்டை.

அதற்குப் பிறகு என்ன போடுவது என்பதுதான் கேள்வி. கம்பனிச் சாமான் கிடைத்தால் அதையே போடலாம். ஆனால் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கான வழி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. அந்த ஐந்து ஆண்டுகளில் இங்கே ஓடிய கார்கள் எல்லாம் ஐந்து வயது கூடின. புதிய மூலப்பாகத்தின் விலை பலருக்குக் கைக்கெட்டாதது. ஜப்பானில் கழற்றி வந்த பாவித்த சைலன்சரை வாங்கினால், அது அங்கே எத்தனை பனிக்காலம் உப்புத் தூவிய தெருவில் ஓடியது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆகவே பலரும் யாழ்ப்பாணத்துப் பட்டறை ஒன்றில் காருக்கு அளவெடுத்துப் புதிதாகச் செய்விக்கிறார்கள். அங்கே இரண்டு வழி காட்டப்படுகிறது: சாதாரண இரும்பு அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். ஸ்டெயின்லெஸ் குழாயின் விலை, எடைக்கு எடை, பொதுவாக இரும்பைவிட மூன்று நான்கு மடங்கு. அந்த மூன்று நான்கு மடங்குக்கு என்ன கிடைக்கிறது, எப்போது கிடைப்பதில்லை என்பதை எங்கள் தீவுகளின் காற்றையும் றோட்டையும் வைத்துப் பார்க்க வேண்டும். கொழும்பில் சரியான பதில் நயினாதீவில் சரியாக இராது.

தீவகம் என்று ஒரே மூச்சில் சொன்னாலும் வாகனத்தின் கண்ணில் அது ஒரே இடமல்ல. பண்ணைப் பாலம் யாழ்ப்பாண நகரத்தை மண்டைதீவுச் சந்தி, அல்லைப்பிட்டி வழியாக வேலணையோடும் ஊர்காவற்றுறையோடும் இணைக்கிறது. வேலணையிலிருந்து வாணர் தாம்போதி புங்குடுதீவுக்குப் போகிறது. புங்குடுதீவின் முனையில் குறிகட்டுவான் இறங்குதுறை. நகரத்திலிருந்து ஏறக்குறைய 30 கிலோமீற்றர். இந்தத் தூரத்தில் ஓடும் கார் கடலின் நடுவே இரண்டு முறை ஓடுகிறது, இருபுறமும் ஆழமில்லாத களப்பு. காற்று அடிக்கும் நாளில் தண்ணீர்த் தூவல் நேரே றோட்டின் மேல் விழும். ஊர்காவற்றுறையிலிருந்து காரைநகருக்கு இன்னும் மிதவைப் பாதையில்தான் கடக்க வேண்டும். நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் றோட்டே இல்லை. நெடுந்தீவுக்குக் குறிகட்டுவானிலிருந்து படகில் ஒரு மணித்தியாலம் அளவில் ஆகும். அங்கே ஒரு வாகனம் இருக்கிறதென்றால் அது ஒரு நாள் படகில் ஏற்றப்பட்டுக் கடல் கடந்து போன வாகனம். திருத்த வேலைக்கு நினைத்தபோது திரும்பி வர முடியாதது.

காற்றும் இரண்டு வகை. கோடையில் மே தொடங்கிப் பல மாதம் சோளகம் விடாமல் அடிக்கும். உப்பைத் தூக்கிவந்து இரும்பின் மேல் உலர்த்தி வைக்கும். மாரியில் வாடை மழையோடு வந்து அந்த உப்பை நனைக்கும். உலர்ந்த உப்பு தனியே அதிகம் கெடுக்காது, நனைந்த உப்புத்தான் கெடுக்கிறது. ஆனால் கடலுப்பில் மக்னீசியம் குளோரைட் கலந்திருக்கிறது. அது காற்றிலுள்ள ஈரத்தைத் தானே உறிஞ்சும். மழையே இல்லாத இரவிலும் காரின் அடியில் படிந்த உப்பு ஈரமாகவே கிடக்கிறது. தீவுகளில் கடலிலிருந்து சில கிலோமீற்றருக்கு அப்பால் என்று ஓர் இடம் கிடையாது. ஆகவே கார் ஓடாமல் கொட்டிலில் நிற்கும் நாளிலும் கறள் தன் வேலையை நிறுத்துவதில்லை.

வெளிப்பக்கத்து உப்பைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். உள்பக்கத்துத் தண்ணீரைப் பற்றிப் பேசுவோர் குறைவு. ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லீற்றர் தண்ணீர் உண்டாகும். பெற்றோலில் உள்ள ஐதரசன் காற்றின் ஒட்சிசனோடு சேர்ந்து நீராவியாகிப் புகைக்குழாய் வழியே போகிறது. குழாய் நன்றாகச் சூடேறியிருந்தால் ஆவி ஆவியாகவே வெளியேறிவிடும். குழாய் குளிர்ந்திருந்தால் அது உள்ளேயே தண்ணீராகிச் சைலன்சரின் அடியில் தங்கும். காலையில் கார் கிளப்பும்போது பின்குழாயில் சொட்டுவது இதுதான். அந்தத் தண்ணீரில் எரிவாயுக்கள் கரைந்து மெல்லிய அமிலமும் சேர்ந்துவிடுகிறது.

சைலன்சர் முழுவதும் சூடேறி உள்ளே தேங்கிய நீர் காய்ந்துபோகக் குறைந்தது பதினைந்து இருபது நிமிடத் தொடர் ஓட்டம் வேண்டும். வேலணையிலிருந்து தினமும் யாழ்ப்பாணம் போய்வருபவருக்கு அது கிடைக்கிறது. வீட்டிலிருந்து கோயிலுக்கும் சந்தைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மட்டும் ஓடும் காருக்குக் கிடைப்பதில்லை. நெடுந்தீவின் நீளமே 10 கிலோமீற்றர் அளவுதான்; நயினாதீவு அதைவிட மிகச் சிறியது. அங்கே எந்த ஓட்டமும் குறுகிய ஓட்டம். கலப்பு எரிசக்திக் கார்களுக்கும் இதே குறை உண்டு. அக்குவா, பிறியஸ் போன்றவை மெதுவாகப் போகும்போது இயந்திரத்தை அணைத்து மின்கலத்தில் ஓடும். குழாய் சூடேறுவதற்குள் மீண்டும் ஆறிவிடும். எரிபொருளை மிச்சம்பிடிக்கும் அதே வழக்கம் சைலன்சருக்குள் ஈரத்தைத் தங்க வைக்கிறது. "என் கார் அதிகம் ஓடவில்லை, அதற்குள் சைலன்சர் போய்விட்டதே" என்று கவலைப்படுபவருக்கு விடை இங்கேயே இருக்கிறது. அதிகம் ஓடாததால்தான் போயிற்று.

இனி இரும்பு. யாழ்ப்பாணத்துப் பட்டறைகள் இரும்பை அறிந்த அளவுக்கு வேறு எந்த உலோகத்தையும் அறிந்ததில்லை. அதற்கு ஒரு வரலாறு உண்டு. குடாநாட்டுத் தெருக்களில் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர், மொறிஸ் ஒக்ஸ்போட் என்று 1950களிலும் 60களிலும் பிரித்தானியாவில் செய்யப்பட்ட கார்கள் வாடகைக் கார்களாகவே பல தசாப்தங்கள் ஓடின; இன்றும் சில ஓடுகின்றன. 1990இல் போர் மீண்டும் மூண்டபின் வந்த பொருளாதாரத் தடையில் பெற்றோல் அற்றுப்போனது. அப்போது ஒரு சிறு போத்தல் பெற்றோலைக் காபுரேற்றரில் விட்டு இயந்திரத்தைக் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டினார்கள். அழுத்த விகிதம் 7க்கு 1 என்ற அளவில் தாழ்வாக இருந்த பழைய இயந்திரங்கள் அதைத் தாங்கின. பின்னால் வந்த காரில் இருந்தவர்களுக்கு அந்த வெள்ளைப் புகையும் நெடியும் மறக்காது. அரைகுறையாக எரிந்த மண்ணெண்ணெய்க் கரி சைலன்சருக்குள் படியும். மெல்லிய இரும்புத் தகட்டுச் சைலன்சரை வெட்டித் திறந்து, கரியைத் தட்டி, தடுப்புத் தகடுகளை மாற்றி மீண்டும் ஒட்டிவிட முடியும். வெளியிலிருந்து உதிரிப்பாகம் வராத காலத்தில் ஒரு சமூகம் தன் வாகனங்களைத் தானே காப்பாற்றிக்கொண்ட கைத்திறன் அது. இன்று பட்டறையில் ஒருவர் தகட்டை உருட்டி, தையல் மடித்து, இரண்டு முனைக்கும் மூடி வைத்து ஒரு மணித்தியாலத்தில் சைலன்சர் ஒன்றை எழுப்பும்போது அந்தக் கைத்திறனின் தொடர்ச்சியைத்தான் பார்க்கிறோம். அதை மலிவான வேலை என்று தள்ளுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

இரும்பின் பெரும் பலம் இதுதான்: எங்கும் ஒட்டலாம், எவரும் ஒட்டலாம். மின்சார வெல்டிங் இயந்திரமும் சாதாரணக் கம்பியும் உள்ள எந்த ஊர்ப் பட்டறையும் போதும். படலைக்கு ஒட்டுப் போடுபவர் சைலன்சருக்கும் போடுவார். இரும்பு வெப்பத்தில் அதிகம் நீளாது. சத்தத்தையும் அது சற்று மந்தமாக்கிக் கொடுக்கும். கொஞ்சம் தடித்த இரும்புத் தகட்டில் செய்த சைலன்சரின் ஒலி ஆழமாகவும் அடங்கியும் இருக்கும். மெல்லிய ஸ்டெயின்லெஸ் தகட்டில் வரும் தகரச் சலசலப்பு அதில் இல்லை.

பலவீனத்தையும் மறைக்கக் கூடாது. கறுப்பு இரும்பின் மேல் உருவாகும் கறள் உதிர்ந்துகொண்டே இருக்கும்; உதிர்ந்த இடத்தில் புது இரும்பு வெளிப்பட்டு மீண்டும் கறள் பிடிக்கும். ஒன்றரை மில்லிமீற்றருக்கும் குறைவான தகடு தீவகத்துக் காற்றில், குறுகிய ஓட்டத்தில், பெரும்பாலும் சில மாரிகளுக்கு மேல் தாங்காது. வெள்ளி நிற வெப்பப் பூச்சு அடித்துத் தருவார்கள். அது வெளிப்பக்கத்துக்கு ஓரளவு உதவும். உள்ளே தேங்கும் தண்ணீருக்கு முன் அது ஒன்றுமே செய்யாது. இதற்கு மாற்றாகச் சிலர் தண்ணீர்க் குழாய்க்கு விற்கும் நாகம் பூசிய இரும்புக் குழாயைக் கேட்கிறார்கள். அது வேண்டவே வேண்டாம். நாகம் 419 பாகை செல்சியஸில் உருகிவிடும். இயந்திரத்துக்கு அருகில் அதைவிடக் கூடிய வெப்பம் வரும். ஒட்டும்போது எழும் நாகப் புகை ஒட்டுபவருக்குக் காய்ச்சலையும் நடுக்கத்தையும் கொடுக்கும். மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காக இன்னொருவருடைய நெஞ்சுக்குள் புகையை ஏற்ற எங்களுக்கு உரிமையில்லை.

ஸ்டெயின்லெஸ் வேறு விதமாகத் தன்னைக் காத்துக்கொள்கிறது. அதில் நூற்றுக்குப் பத்தரைப் பங்குக்குக் குறையாமல் குரோமியம் இருக்கும். அந்தக் குரோமியம் காற்றோடு சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாகி மேற்பரப்பை மூடும். கீறல் விழுந்தால் படலம் மீண்டும் தானே உருவாகும். கறளைப்போல உதிராது. ஜப்பானியக் கார்களின் மூலச் சைலன்சர் பலவற்றில் பாவிக்கப்படுவது 409 வகையைச் சேர்ந்த, 11 வீதமளவில் குரோமியம் கொண்ட விலை குறைந்த உருக்கு. அளவெடுத்துச் செய்யும்போது கேட்க வேண்டியது 304. அதில் 18 வீதம் குரோமியமும் 8 வீதம் நிக்கலும் உண்டு. எவர்சில்வர்ப் பாத்திரங்களின் அடியில் 18/8 என்று பொறித்திருப்பது இதையே. அதற்கும் மேலே 316. அதில் 2 முதல் 3 வீதம் மொலிப்டினம் சேர்த்திருப்பதால் கடலுப்பை இன்னும் நன்றாகத் தாங்கும். படகுச் சாமான்களுக்கு அதையே விரும்புவார்கள். காருக்கு 316 கேட்பது வீண்செலவு என்பது என் கருத்து. அதற்குக் கொடுக்கும் கூடுதல் பணத்தை நல்ல ஒட்டு வேலைக்குக் கொடுக்கலாம்.

ஸ்டெயின்லெஸ் கடலுக்கு முன்னால் வெல்ல முடியாதது என்று நினைத்துவிடக் கூடாது. குளோரைட் அந்தப் படலத்தை ஊசிமுனை அளவில் துளைக்கும். கடற்கரையில் 304இன் மேல் தேநீர்க் கறை நிறத்தில் ஒரு படிவு வரும். முதல் மாரியிலேயே வரலாம். அதைக் கண்டு "ஏமாற்றிவிட்டார்கள், இதுவும் கறள் பிடிக்கிறது" என்று பட்டறைக்காரரோடு சண்டைக்குப் போக வேண்டாம். அது பெரும்பாலும் மேற்பரப்புக் கறை. நல்ல தண்ணீரில் கழுவித் தேய்த்தால் போகும். இரும்பில் ஓட்டை விழும் காலத்தில் இதில் நிறம் மாறியிருக்கும், அவ்வளவே.

ஆனால் உண்மையாகவே ஏமாறும் இடம் ஒன்று உண்டு, அதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். கேற்றுக்கும் மாடிக் கைப்பிடிக்கும் என்று பளபளப்பாக விற்கப்படும் குழாய்களில் பல 201 வகை. நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டிச் செய்தது அது, விலை குறைவு. பார்வைக்கு 304இலிருந்து பிரித்தறிய முடியாது. வீட்டுக்குள் கைப்பிடியாக இருந்தால் நல்ல சாமான்தான். உப்புக்காற்றிலும் புகைக்குழாயின் வெப்பத்திலும் அது 304 அளவுக்கு நிற்காது. காந்தத்தை வைத்துப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம் என்று பலர் நம்புகிறார்கள். காந்தம் இங்கே வழி காட்டாது. 304இலும் காந்தம் பெரிதாக ஒட்டாது, 201இலும் ஒட்டாது. மறுபுறம், கார்க் கம்பனிகள் நம்பிப் பாவிக்கும் 409இல் காந்தம் நன்றாகவே ஒட்டும். ஆகவே காந்தத்தை நம்பி வாங்குபவர் நல்லதைத் தள்ளிவிட்டுக் கெட்டதை எடுத்து வரவும் கூடும். குழாயின் மேல் அச்சிட்டிருக்கும் இலக்கத்தையும், பட்டறைக்காரர் அதை வாங்கிய பில்லையும் கேட்டுப் பார்ப்பதே வழி.

அடுத்தது ஒட்டு. ஸ்டெயின்லெஸ் குழாய் உடைவதும் கறள் பிடிப்பதும் பெரும்பாலும் ஒட்டுப் போட்ட இடத்தில்தான். சாதாரண இரும்புக் கம்பியால் அதை ஒட்டினால் ஒட்டுத் தடமே முதலில் கறள் பிடித்துவிடும். ஆகன் வாயு விட்டு, 304க்கு ஏற்ற நிரப்புக் கம்பியோடு ஒட்ட வேண்டும். வெளிப்பக்கம் ஆகன் மூடியிருக்கும்போது உள்பக்கம் காற்றுப் படாமல் இருக்கக் குழாய்க்குள்ளும் ஆகன் செலுத்த வேண்டும். இல்லையேல் உள்ளே ஒட்டுத் தடம் கருகிச் சொரசொரப்பாகி, அதே இடத்தில் தண்ணீர் தங்கிக் கறள் தொடங்கும். அளவுக்கு மீறிச் சூடாக்கினால் ஒட்டின் இருகரையிலும் குரோமியம் கரிமத்தோடு சேர்ந்து போய், படலம் உருவாக்கப் போதாமல் ஆகிவிடும். கரிமம் குறைந்த 304எல் என்ற வகை இதற்காகவே இருக்கிறது. ஒட்டிய பின் தெரியும் நீல, பழுப்பு நிறத் தடம் பார்க்க அழகாக இருக்கும். அதைத் துப்புரவாக்கி எடுக்கச் சொல்ல வேண்டும். கறள் அதில்தான் முதலில் காலூன்றும். மோசமாக ஒட்டிய 304ஐவிட நன்றாக ஒட்டிய இரும்பு மேலானது. இதை நான் தயங்காமல் சொல்வேன்.

வெப்பத்தில் நீளுவதும் கவனிக்க வேண்டியது. இரண்டு மீற்றர் நீளக் குழாய் 250 பாகை சூடேறினால் இரும்பு ஏறக்குறைய 6 மில்லிமீற்றர் நீளும். 304 எட்டரை மில்லிமீற்றருக்குக் கிட்ட நீளும். மூலக் குழாய் தொங்கிய அதே இறப்பர்க் கொக்கிகளில் இதை இறுக்கிப் பொருத்தினால், நீள இடமில்லாமல் ஒட்டுகள் விரியும். நடுவே பின்னல் போட்ட நெகிழ்குழாய் ஒன்று கட்டாயம் வேண்டும். தீவகத்து றோட்டுக் கிடங்குகளில் இயந்திரம் குலுங்கும்போது அந்த அதிர்வையும் அதுவே வாங்கிக்கொள்ளும்.

பலரும் உலோகத்தைப் பற்றிக் கேட்பதற்கு முன்பே சத்தத்தைப் பற்றிக் கேட்கிறார்கள். குறிப்பாக இளைஞர்கள். சத்தம் உலோகத்தால் வருவது சிறு பங்குதான். உள்ளமைப்பால் வருவதே பெரும் பங்கு. நான்கு சிலிண்டர் இயந்திரம் நிமிடத்துக்கு 3000 சுற்றுச் சுற்றும்போது விநாடிக்கு 100 வெடிப்பு அலைகள் வெளியேறும். மூன்று சிலிண்டரில் 75. தடுப்பு அறைகள் கொண்ட சைலன்சர் அந்த அலைகளை ஒன்றோடொன்று மோதவிட்டு அடக்குகிறது. துளையிட்ட நேர்குழாயைச் சுற்றிக் கண்ணாடி நார் வைத்த சைலன்சர் உயர்ந்த சுருதியை உறிஞ்சிக்கொண்டு தாழ்ந்த முழக்கத்தை வெளியே விடுகிறது. முதலாவது வீட்டுக் காருக்கு ஏற்றது. இரண்டாவதை இந்தக் காற்றில் பொருத்தினால் நார் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு உள்ளிருந்தே தகட்டைக் கெடுக்கும். சில காலத்தில் நார் உதிர்ந்து சத்தம் இரட்டிக்கும்.

குழாயைப் பெருக்கினால் வேகம் கூடும் என்பதும் சரியல்ல. 1000 சீசீ அளவுள்ள இயந்திரத்துக்கு ஒன்றரை அங்குலமும், 1500 சீசீக்கு ஒன்றே முக்கால் முதல் இரண்டு அங்குலமும் போதும். அதற்கு மேல் பெருத்தால் வாயுவின் ஓட்டம் மந்தமாகித் தாழ்ந்த சுற்றில் இழுவை குறையும். பண்ணைப் பாலத்தில் வாடைக்கு எதிரே மூன்றாம் கியரில் ஏறும்போது அந்தக் குறை தெரியும். கேட்பதற்குப் பந்தயக் கார், ஓடுவதற்கு முன்னைவிடச் சோம்பல். இதற்காகப் பணத்தைக் கொட்டும் பிள்ளைகளைப் பார்க்கும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை. வெளிநாட்டிலிருந்து மாமாவோ சித்தப்பாவோ அனுப்பிய பணம் பெருத்த குழாயில் போய்விடுகிறது. ஒரு மாரிக்கு முன் பார்த்திருக்க வேண்டிய பிரேக் அப்படியே கிடக்கிறது.

சத்தம் போட்டு ஓடினால் பொலிஸ் பிடிக்கும் என்பது ஒரு பக்கம்; 2025 தொடக்கத்திலிருந்து மாற்றியமைத்த வாகனங்கள் மீதான சோதனைகள் நாடு முழுவதும் இறுகியிருக்கின்றன. எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது ஊர். இரவில் தீவுகளில் கேட்பது அலையும் காற்றும்தான். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, பெரிய வீட்டில் தனியே படுத்திருக்கும் முதியவர்கள் எங்கள் ஊர்களில் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். போர்க்காலத்துச் சத்தங்களைக் கேட்டு வளர்ந்த தலைமுறையும் இங்கேதான் இருக்கிறது. பின்குழாயில் வெடிச்சத்தம் வரும்படி செய்து அந்த வீடுகளைக் கடந்து நள்ளிரவில் ஓடுவதை விளையாட்டென்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

இரும்போ ஸ்டெயின்லெஸ்ஸோ, தொடக்கூடாத ஒரு பாகம் இருக்கிறது: இயந்திரத்தை ஒட்டி வரும் கற்றலிற்றிக் கன்வேர்ட்டர். காபனோரொட்சைட்டையும் எரியாத எரிபொருளையும் நைதரசன் ஒட்சைட்டுகளையும் தீங்கு குறைந்த வாயுக்களாக மாற்றுவது அதுவே. அதற்குள் பிளாட்டினம், பலேடியம், றோடியம் இருப்பதால் அதை வாங்கிக்கொள்ள ஆட்கள் இருக்கிறார்கள்; அதைக் கழற்றி விற்று வரும் காசில் புதுச் சைலன்சரையே போட்டுவிடலாம் என்ற ஆசை வார்த்தையும் காதில் விழும். கழற்றினால் பின்னாலுள்ள ஒட்சிசன் உணரி பிழை காட்டும், டாஷ்போட்டில் இயந்திர விளக்கு எரியும். 2008இல் தொடங்கிய வாகனப் புகைப் பரிசோதனையில் பெற்றோல் காருக்குக் காபனோரொட்சைட்டும் எரியாத ஐதரோகாபனும் அளக்கப்படுகின்றன; அந்தச் சான்றிதழ் இல்லாமல் வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம் எடுக்க முடியாது. ஆகவே புதிய வேலை எதுவானாலும் கன்வேர்ட்டருக்குப் பின்னிருந்தே தொடங்கட்டும்.

ஓட்டை விழுந்த குழாயோடு "அடுத்த சம்பளத்துக்குப் பார்ப்போம்" என்று ஓடுபவர்களிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்ள விரும்புகிறேன். ஓட்டை பின் சில்லுக்கு அப்பால் என்றால் பெரும்பாலும் சத்தந்தான். அது இருக்கைகளுக்குக் கீழே என்றால் காபனோரொட்சைட் காருக்குள் ஏறும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏசியைப் போட்டுக்கொண்டு, குறிகட்டுவானில் படகு வரும்வரை காருக்குள் பிள்ளைகளோடு காத்திருப்பது நாங்கள் எல்லோரும் செய்கிற காரியம். தலையிடி, தூக்கம், வாந்தி வருமுன் அதை நிறுத்துங்கள். கறள் பிடித்த குழாய் நடுப்பகுதியில் இருந்தால் அது செலவுக் கணக்கில் சேராது, உயிர்க் கணக்கில் சேரும்.

இனி எது யாருக்கு என்று என் தீர்ப்பைச் சொல்கிறேன். வேலணை, ஊர்காவற்றுறை, புங்குடுதீவிலிருந்து தினமும் பாலம் கடந்து யாழ்ப்பாணம் போகும் காருக்கு, அதை இன்னும் ஐந்து வருடமாவது வைத்திருக்கும் எண்ணம் இருந்தால், கன்வேர்ட்டருக்குப் பின்னாலுள்ள முழுவதும் 304. ஒரு முறை போடும் செலவு, இரண்டு மூன்று முறை இரும்பு போடும் செலவுக்கும், அதற்காகக் கராஜில் நிற்கும் நாட்களுக்கும் ஈடாகிவிடும். ஒரு வருடத்துக்குள் காரை விற்கப் போகிறவருக்கு நல்ல தடிப்பான இரும்பே போதும். பழைய ஒஸ்ரினுக்கும் மொறிஸுக்கும் இரும்புதான் பொருத்தம். அவற்றின் இயந்திரத் துடிப்பும் குழாய் இணைப்புகளும் இரும்புக்கென்றே அமைந்தவை, அவற்றைத் திருத்தும் கைகளும் இரும்பு வேலையில் பழகியவை. குறுகிய ஓட்டம் மட்டுமே ஓடும் காருக்கு எதைப் போட்டாலும், சைலன்சரின் தாழ்ந்த முனையில் மூன்று மில்லிமீற்றர் துளை ஒன்று போடச் சொல்லுங்கள். தேங்கிய தண்ணீர் வடியும், சத்தம் கூடாது. வாரத்தில் ஒரு நாளாவது அரை மணி நேரம் தொடர்ந்து ஓட்டுங்கள்.

நெடுந்தீவுக்கும் நயினாதீவுக்கும் என் பதில் வேறு. அங்கே உலோகத்தைவிட இணைப்புத்தான் முக்கியம். ஒரே நீளமாக ஒட்டி எடுத்த குழாய், எத்தனை உயர்ந்த உருக்கானாலும், பழுதானால் காரையே கடல் கடத்த வேண்டிய நிலையில் வைத்துவிடும். மூன்று துண்டாக, ஒவ்வொரு மூட்டிலும் விளிம்புத் தட்டும் போல்ற்றும் வைத்துச் செய்வியுங்கள். கெட்ட துண்டை மட்டும் கழற்றிப் படகில் அனுப்பி, செய்வித்துத் திரும்ப எடுத்துப் பூட்டலாம். போல்ற்றுகளுக்குச் செம்புத் தூள் கலந்த கிறீஸ் பூசாமல் பூட்டாதீர்கள்; ஸ்டெயின்லெஸ் போல்ற்றும் நட்டும் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு பிறகு அசையாது. அங்கே 304 போட வசதியுள்ளவர் போடட்டும். இரும்பு போடுபவர் இரண்டு மில்லிமீற்றர் தகட்டில் செய்வித்து, பின்துண்டு ஒன்றை மேலதிகமாகச் செய்து வீட்டில் வைத்துக்கொள்ளட்டும்.

கழுவுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். அடிப்பாகத்தை அடிக்கடி கழுவுங்கள் என்று எல்லோரும் அறிவுரை சொல்வார்கள். தீவகத்தில் பல கிணறுகள் உவர்க் கிணறுகள். அந்தத் தண்ணீரில் கழுவுவது உப்பின் மேல் உப்பைப் பூசுவதாகும். நல்ல தண்ணீர் குடிக்கவே தேடித் திரியும் ஊர்களில் காருக்கு ஊற்றச் சொல்லவும் மனம் வராது. யாழ்ப்பாணம் போகும் நாளில் அங்கே நல்ல தண்ணீரில் அடிப்பாகத்தைக் கழுவுவியுங்கள். மாரியில் காரைக் கொட்டிலுக்கு வெளியே விட்டு மழைநீரையும் பாவிக்கலாம். ஆனால் மழை மேலேயும் பக்கங்களிலும்தான் கழுவும், அடியை அல்ல.

யாழ்ப்பாணத்துப் பட்டறை முதலாளிமாருக்கு ஒரு வேண்டுகோள். நீங்கள் போட்டுக் கொடுக்கும் குழாய் 304 என்றால் பில்லில் "304" என்று எழுதி, தகட்டின் தடிப்பையும், ஆகன் ஒட்டா சாதாரண ஒட்டா என்பதையும் குறித்துக் கையொப்பமிட்டுக் கொடுங்கள். இரும்பு என்றால் இரும்பு என்றே எழுதுங்கள். உங்கள் இரும்பு வேலையைக் கண்டு யாரும் முகம் சுளிக்கப் போவதில்லை. வாங்குபவர்களும் அந்தப் பில் இல்லாமல் காரை எடுத்துக்கொண்டு பண்ணைப் பாலம் ஏறாதீர்கள்.